சீர் வண்டிக்குப் பின்னால்

வெயில் சூடு பிடிப்பதற்குள் கொடைக்கானல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சொல்லித்தான் அழகுராஜா அந்தக் குடும்பத்தை மாட்டுத்தாவணியில் ஏற்றினான். மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் வெயில் அவர்களை முந்திக்கொண்டு மேலே போய்விட்டது. வெயில் மட்டுமா போனது? அரசுப் பேருந்து போனது, கேரட் ஏற்றப் போன காலி லாரி போனது, புதுக் கல்யாண ஜோடி உட்கார்ந்திருந்த வாடகை ஸ்கூட்டர் போனது. ஒரு வளைவில் விறகுக்கட்டோடு நடந்துகொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, ஜன்னல் வழியாகக் குழந்தையிடம் ஊர், பேர், படிப்பு எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "சரி கண்ணு, எனக்கு நேரமாச்சு" என்று சொல்லி முன்னால் போய்விட்டாள்.

அழகுராஜா ஓட்டியது சாதாரண வேன் இல்லை. வேனுக்குள்ளேயே ஒரு வீடு. நாலு பேர் படுக்கக் கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கக்கூஸ், தண்ணீர் டேங்க், டிவி, ஏசி. கேரவன் என்று பலகை மாட்டியிருந்தான். அவன் வீட்டில் இருந்ததெல்லாம் அந்த வண்டியிலும் இருந்தது. அவன் வீட்டில் இல்லாததும் இருந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்து, மதுரையில் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கும் முதல் ஆள் என்ற பெருமை அவனுக்கு வானத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும் அளவுக்கு இருந்தது. ஆனால் ஆட்களை மட்டும் இழுப்பதற்காகப் பிறந்த டீசல் என்ஜின், ஒரு முழு வீட்டைத் தூக்கிக்கொண்டு மலை ஏறச் சொன்னால் என்ன செய்யும்? முக்கியது.

"தம்பி, ஏசியைப் போடலாமா?" என்று பின்னாலிருந்து சிவராம் கேட்டார். அவர் வங்கி அதிகாரி. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடு ஏறயில ஏசி போட்டா வண்டி ஏறாது சார். வண்டி ஏறணும்னா ஏசி ஓடாது. ரெண்டுல ஒண்ணு கேளுங்க."

"இறங்கி நடக்கிறவங்களுக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?"

குடும்பமே சிரித்தது. அழகுராஜாவும் சிரித்து வைத்தான். அந்தச் சிரிப்பு பற்களோடு நின்றுவிட்டது.

சவாரிக்காரர்கள் சிரித்தால் அது தொழில், துடைத்துப்போட்டுவிட்டுப் போய்விடலாம். அடுத்த வாரம் தங்கை வீட்டில் கிடைத்த சிரிப்புதான் அவன் நெஞ்சில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டது. தங்கை செல்லத்தாயை டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஆண் குழந்தைக்குக் குலசாமி பெயரையே வைத்து, சோணை என்று கூப்பிட்டார்கள். சோணைக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தாயிற்று. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். அந்தச் சீரைப் பற்றிப் பேச அழகுராஜா போயிருந்தபோதுதான், செல்லத்தாயின் புருஷன் மொக்கைச்சாமி பந்தியில் வைத்து அதைச் சொன்னான்.

"மச்சான், காதுகுத்துக்கு நீங்க இன்னைக்கே கெளம்பீருங்க. ஒங்க வண்டி வந்து சேரயில சோணைக்கு மீசை மொளச்சுறப் போகுது."

இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவனுக்குப் புரையேறியது, இன்னொருவன் சிரித்த சிரிப்பில் ரசம் இலையைத் தாண்டி ஆறாக ஓடியது. அதெல்லாம் போகட்டும். பரிமாறிக்கொண்டிருந்த செல்லத்தாயும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் அழகுராஜாவால் தாங்க முடியவில்லை.

"பாப்பம் மாப்ள. சீர் வாற அன்னைக்கு என் வண்டிதான் ஊர்வலத்துக்கு முன்னால வரும். ஒங்க ஊரே வாயப் பொளக்கும்" என்றான்.

அவன் சொன்னது அப்படியே பலித்தது. ஊர் வாயைப் பிளந்தது உண்மைதான், அது மூச்சுக்காக என்பதுதான் அப்போது யாருக்கும் தெரியாது.

ரிங் ரோட்டில் பசுபதி என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, ஸ்பேனர் சத்தம் கிடையாது. மேஜையில் ஒரு லேப்டாப், அதிலிருந்து ஒரு வயர். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் அறை மாதிரி இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துளையில் வயரைச் செருகிவிட்டு, திரையைக் காட்டி அவர் விளக்கினார்.

"வண்டிக்குள்ள ஒரு மூளை இருக்குண்ணே. எந்த நேரத்துல எவ்வளவு டீசல் தெளிக்கணும், எவ்வளவு காத்து உள்ள தள்ளணும்னு அதுல எழுதி வச்சிருக்கு. அந்தக் கணக்க நாம மாத்தி எழுதுறோம், அவ்வளவுதான். என்ஜின் அதேதான், ஆனா இழுவை கூடும்."

"எம்புட்டுக் கூடும்?"

"அளவா ஏத்துனா நூத்துக்குப் பதினஞ்சு பங்கு. கொடைக்கானலுக்கு அது தாராளம். ஏசியப் போட்டுக்கிட்டே ஏறலாம். புகை வடிகட்டிய நான் தொட மாட்டேன். இந்த அளவுக்கு ஏத்துறதுக்குமே முறையா அனுமதி வாங்கணும், அது வேற விஷயம்."

"அளவா வேணாம். முழுசா ஏத்துனா?"

பசுபதி கொஞ்சம் தயங்கினார். "முழுசா ஏத்துனா டீசல் அதிகமாப் பாயும், காத்து பத்தாது, கரியா எரியும். வடிகட்டி அடைச்சுக்கும். அதனால வடிகட்டியக் கழட்டிட்டு வெறும் குழாய வைக்கணும். சில பேரு அதத்தான் கேக்குறாங்க. ஆனா கரி அப்படியே வெளிய வரும்ணே. நான் செய்யச் சொல்ல மாட்டேன்."

"வெளியதான வரும்?"

"ஆமா."

"உள்ள வராதுல்ல?"

"உள்ள வராது."

"அப்பறம் என்ன? கழட்டுங்க."

சொல்ல மாட்டேன் என்று சொன்ன பசுபதி, செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. வடிகட்டி கழன்றது. கணக்கு மாறியது. அன்று மாலை ரிங் ரோட்டில் அழகுராஜா ஆக்சிலேட்டரை மிதித்தபோது, வண்டி கிளம்பிய வேகத்தில் அவன் மட்டும் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டது போல இருந்தது. அடுத்த சவாரியில் கொடைக்கானல் மலை வழிவிட்டு ஒதுங்கி நின்றது. முன்பு அவனை முந்திய பேருந்துகளெல்லாம் இப்போது கண்ணாடியில் கடுகாகச் சிறுத்தன. கடுகு என்றால் வெறும் கடுகு இல்லை, தாளித்துக் கருகிய கடுகு. ஏனென்றால் அவன் போன பாதையில் பத்து நிமிஷத்துக்கு அமாவாசை கவிந்திருந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பால்காரர் வெள்ளைச் சட்டையோடு புகைக்குள் நுழைந்து, வக்கீலாக வெளியே வந்தார்.

வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பியதும் அவன் மனைவி சுபலட்சுமி கொடியில் காயப்போட்ட துணியை வாரிக்கொண்டு ஓடினாள். "என்னங்க இது, வண்டியா செங்கக் காளவாசலா? பின்னாடி வாறவங்க என்னத்துக்கு ஆவாங்க?"

"பின்னாடி வாறவன முன்னாடி வரச் சொல்லு" என்றான் அழகுராஜா.

புகைச் சான்றிதழ் காலாவதியாகும் தேதி வந்தது. அதற்கும் அவன் கவலைப்படவில்லை. வண்டி அசையவே இல்லை. அதன் நம்பர் பலகையின் படம் மட்டும் செல்போனில் போனது. டீ ஆறுவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. அதன்படி பார்த்தால் அழகுராஜாவின் வண்டியிலிருந்து வருவது புகையே இல்லை, அழகர்மலைத் தென்றல். வழக்கமாகக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தான். வாங்கியவரும் வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் ஒருவர் கேட்டிருந்தால்கூட இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது.

சீர் நாள் வந்தது. ஊர் எல்லையில் இருந்து குலசாமி கோயில் வரை ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வழக்கப்படி மேளக்காரர்கள் முன்னால் போவார்கள், மாலை போட்ட தாய்மாமன் நடந்து வருவான், அவனுக்குப் பின்னால் பெண்கள் சீர்த்தட்டு தூக்கி வருவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாயும் அண்ணன் சீருக்குப் பின்னால் அந்தப் பெண்களோடு நடப்பாள். அழகுராஜா அந்த வரிசையில் ஒரே ஒரு மாற்றம் செய்தான். தாய்மாமன் நடக்கவில்லை. தாய்மாமன் வண்டி ஓட்டினான்.

மேளத்துக்கும் தட்டுகளுக்கும் நடுவில் கேரவன் புகுந்துகொண்டது. முகப்பில் ஆள் உயர ரோஜா மாலை, பக்கவாட்டில் வாழைக்கன்று, உச்சியில் சோணைக்கு வாங்கிய மரத்தொட்டில். உள்ளே ஏசி ஊட்டியை இறக்கி வைத்திருந்தது. பட்டுச் சட்டையோடு, கண்ணாடிகளை ஏற்றி விட்டுக்கொண்டு, அழகுராஜா மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். வண்டியின் பின்பக்கம், புகைக்குழாய்க்கு நேரே, வெள்ளித்தாம்பாளம் ஏந்திய சுபலட்சுமியும், அவளுக்குப் பக்கத்தில் குழந்தையோடு செல்லத்தாயும், அவர்களுக்குப் பின்னால் முப்பது நாற்பது பெண்களும்.

நடக்கிற வேகத்தில் வண்டி ஊர்ந்தது. மொக்கைச்சாமியின் தம்பி அழகுபாண்டி கூட்டாளிகளோடு முன்னால் வந்து ஜன்னலைத் தட்டினான். "மச்சான், சும்மா உருட்டிக்கிட்டு வாரீக? ஒரு மிதி மிதிங்க!"

அழகுராஜா கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். என்ஜின் உறுமியது. பயல்கள் துள்ளினார்கள். விசில் பறந்தது. "இன்னொண்ணு மச்சான்!" என்றான் அழகுபாண்டி. இன்னொன்று மிதித்தான். செல்போன்கள் உயர்ந்தன. தெரு முழுக்க அவனைத்தான் பார்த்தது. திண்டுக்கல்லில் இருந்து திருநெல்வேலி வரை அவனைத்தான் பார்ப்பது போல இருந்தது. பக்கக் கண்ணாடியில் ஒரே கருமை. அந்தக் கருமைக்குள் ஒரு கை மட்டும் உயர்ந்து உயர்ந்து ஆடியது. தங்கச்சியின் வளையல் கை. அவனுக்கு மனசு குளிர்ந்துபோனது. ஏசி, மேளம், என்ஜின் இவ்வளவையும் தாண்டி வேறெந்தச் சத்தமும் உள்ளே வரவில்லை. அவன் இன்னும் பலமாக மிதித்தான்.

மேளம் திடீரென்று நின்றது. யாரோ வண்டியின் பக்கத்தைக் கையால் அறைந்தார்கள். அழகுராஜா கதவைத் திறந்து இறங்கியபோதுதான் அந்தச் சத்தங்களெல்லாம் ஒரே நேரத்தில் அவன்மேல் விழுந்தன. இருமல். அழுகை. தட்டு உருளும் ஓசை. சுபலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பெண்கள் கண்ணைத் திறக்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

செல்லத்தாய் குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். "சோணை... டேய் சோணை... மூச்சு விடுறா!"

குழந்தை அழவில்லை. அழுவதற்குக் காற்று வேண்டும். வாய் திறந்திருந்தது, விலா எலும்புகள் உள்ளே போய் உள்ளே போய் வந்தன, ஒவ்வொரு மூச்சுக்கும் பழைய கதவு திறப்பது போல ஒரு கீச்சு. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

"வண்டியில ஏத்துங்க!" என்று கத்தினான் மொக்கைச்சாமி. "மச்சான், திருமங்கலத்துக்கு விடுங்க! வெரசா!"

எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். ஊரிலேயே வேகமான வண்டி அதுதானே. செல்லத்தாயும் சுபலட்சுமியும் கட்டிலில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாழைக்கன்று தெருவிலேயே பிய்ந்து விழ, அழகுராஜா பிரதான சாலைக்கு வண்டியை ஏற்றினான். ஏற்றி ஒரு மைல் போயிருக்காது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி யாரோ பின்னாலிருந்து கயிறு போட்டு இழுத்தது போலத் தளர்ந்தது. அவன் மிதித்தான். தரையோடு தரையாக மிதித்தான். வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போக மறுத்துவிட்டது.

விஷயம் பின்னால்தான் அவனுக்குத் தெரிந்தது. கொதிக்கிற வெயிலில் ஊர்ந்தபடியே மிதித்து மிதித்துச் சூடு எல்லை மீறிவிட்டது; அப்படி மீறினால் என்ஜினைக் காப்பாற்ற வண்டியின் மூளை தானாகவே சக்தியைக் குறைத்துவிடுமாம். அந்த இரும்புக்குக்கூட எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

"என்னண்ணே, ஏண்ணே போகல?" செல்லத்தாய் பின்னாலிருந்து அலறினாள். "அண்ணே, கண்ணு சொருகுதுண்ணே!"

அழகுராஜா வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடுரோட்டில் குதித்துக் கையை விரித்து நின்றான். எதிர்த் திசையிலிருந்து தக்காளிக் கூடை ஏற்றிய ஒரு குட்டியானை வேன் வந்தது. பெயின்ட் உரிந்த கிழட்டு வண்டி. டிரைவர் ஒரு பார்வைதான் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். "புள்ளைய முன்னாடி குடுங்க. ஆத்தா, நீ ஏறு. மத்தவங்க பின்னாடி தொத்திக்கங்க."

பட்டுச் சட்டையும் கழுத்தில் வாடிய மாலையுமாக அழகுராஜா தக்காளிக் கூடைகளின்மேல் குந்தி உட்கார்ந்தான். மதுரையின் முதல் கேரவன்காரன் அவன். அவனுடைய கேரவன் சாலையோரத்தில் மாலை போட்டபடி நின்று, மெல்லச் சின்னதாகி, மறைந்தது. குட்டியானை தடதடவென்று ஆடிக்கொண்டே ஒரே சீராக ஓடியது. டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கண்ணாடி வழியாகத் தங்கையின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு குலுங்குகிறதா, வண்டி குலுங்குகிறதா என்று அவனுக்குப் புரியவில்லை. சோணை, சோணை என்று குலசாமியைக் கூப்பிட்டானா, குழந்தையைக் கூப்பிட்டானா என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

திருமங்கலத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவு சாத்திக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் மொக்கைச்சாமியும் வந்து சேர்ந்தான். வெகுநேரம் கழித்து டாக்டர் ஸ்யாமளா வெளியே வந்தார்.

"ஆக்சிஜன் வச்சிருக்கோம். மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு, மருந்து ஏறுது. இன்னைக்குப் பூரா பாக்கணும். பிள்ளைக்கு ஏற்கெனவே கொஞ்சம் சளி இருந்திருக்கு. அதுக்கு மேல பலமா புகை பட்டிருக்கு. வீட்ல ஏதாவது எரிச்சீங்களா? சாம்பிராணி, குப்பை?"

மொக்கைச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். மச்சானின் பெயரை அவன் சொல்ல விரும்பவில்லை.

"வண்டிப் புகைங்க டாக்டர்" என்றான் அழகுராஜா.

"எந்த வண்டி?"

"என் வண்டிதாங்க. வடிகட்டியக் கழட்டி வச்சிருக்கேன். ஊர்வலத்துல மிதிச்சேன்."

"எதுக்கு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்பது போலத்தான் கேட்டார். அழகுராஜா வாயைத் திறந்தான். மலை ஏறவா? அதற்குப் பசுபதி சொன்ன அளவே போதுமாக இருந்ததே. தொழிலுக்கா? தொழில் இந்தத் தெருவில் இல்லையே. பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள், அதற்காக என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டார்.

செல்லத்தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கரி, கண்ணீர் ஓடிய இடம் மட்டும் இரண்டு கோடாக வெளுத்திருந்தது. அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"நீ மிதிச்சப்பல்லாம் நான் கைய ஆட்டுனேண்ணே" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "நிறுத்து நிறுத்துன்னு ஆட்டுனேன். மதினியும் கத்துனாங்க. கண்ணாடியில தெரியலையா?"

"தெரிஞ்சுச்சு தாயி."

"தெரிஞ்சுமாண்ணே?"

"நீ சந்தோசத்துல ஆட்டுறேன்னு நெனச்சேன்."

செல்லத்தாய் இப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். முந்தானை நுனியால் கழுத்துக் கரியைத் துடைக்கப் பார்த்தாள். அது இன்னும் பரவியது. கொஞ்ச நேரம் கழித்து, "புள்ள பொழைச்சு வந்தா ஓம் மடியிலதான் காது குத்துவேன். அது மொறை, மாத்த மாட்டேன். ஆனா அந்த வண்டி எங்க ஊருக்குள்ள வந்துச்சு, நான் புள்ளையோட வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திருவேண்ணே" என்றாள்.

மறுநாள் சோணையின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அதற்கடுத்த நாள் பால் குடித்தான். அன்றைக்குத்தான் அழகுராஜா தன் வண்டியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு பசுபதியின் பட்டறைக்குப் போனான்.

நடந்ததைக் கேட்ட பசுபதியின் முகம் வெளிறியது. ஆனாலும் முதலில் வந்த வார்த்தை, "நான் அன்னைக்கே சொன்னேன்ணே. நீங்க கேட்டதத்தான செஞ்சேன்" என்பதுதான்.

"ஆமா, கேட்டவன் நான்தான். இல்லேன்னு சொல்ல வரல. வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க."

"சரி பண்ணீரலாம்ணே, முதல்ல வயர..."

"வயர் இருக்கட்டும். ஒங்க ஆள உக்காரச் சொல்லி மிதிக்கச் சொல்லுங்க. நீங்க எங்கூட வாங்க."

இருவரும் வண்டியின் பின்னால் போய் நின்றார்கள். பட்டறை ஆள் மிதித்தான். முதல் மிதியில் பசுபதி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது மிதியில் கர்ச்சீப்பை எடுத்தார். அழகுராஜா மூக்கைப் பொத்தவில்லை. தொண்டையில் ஆயிரம் முள் இறங்கியது, நெஞ்சு பிடித்துக்கொண்டது, கண்ணில் நீர் கொட்டியது. வளர்ந்த ஆண், கொடிக்காலில் மண் சுமந்த உடம்பு. அவனுக்கே இப்படி. இடுப்பில் குழந்தையோடு அவள் ஒரு தெரு முழுக்க இதற்குள் நடந்திருக்கிறாள். பசுபதி இருமிக்கொண்டே ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி அணைத்தார். திரும்பி வந்தவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய கணக்கையே ஏத்தித் தாரேன்ணே. கழட்டுன வடிகட்டி இப்ப இல்ல, புதுசுதான் போடணும். மாட்டுற கூலி எனக்கு வேணாம்." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே இந்த வடிகட்டி கழட்டுற வேலைய யாருக்கும் செய்யப்போறதில்ல" என்றார்.

புது வடிகட்டி வந்தது. இந்தத் தடவை வண்டியே நேரில் போய்ச் சோதனையில் நின்று சான்றிதழ் வாங்கியது. மலை ஏறும்போது பழையபடி முக்கியது. சவாரிக்காரர்கள் பழையபடி கேலி செய்தார்கள். அழகுராஜாவுக்கு அதில் எதுவும் உறைக்கவில்லை.

தள்ளிப்போன காதுகுத்து, வெயில் தணிந்த ஒரு மாதத்தில் வைக்கப்பட்டது. அழகுராஜாவும் சுபலட்சுமியும் பஸ்ஸில் வந்து இறங்கி, ஊர் எல்லையிலிருந்து சீர்த்தட்டோடு நடந்தார்கள். அவன் பெண்களுக்கு முன்னால் நடக்கவில்லை, அவர்களோடு நடந்தான். கோயிலில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சோணையைச் செல்லத்தாய் தூக்கிவந்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு அண்ணன் மடியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே குனிந்து நின்றுகொண்டாள். அழகுராஜா குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பிடித்துக்கொண்டான். விலாவுக்குள் மூச்சு தடையில்லாமல் போய் வருவது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

ஆசாரி காதைக் குத்தினார்.

சோணை அழுதான். அது என்ன அழுகை! கோயில் புளியமரத்துக் காக்கைகள் பேரையூர் வரை பறந்தன. மேளக்காரர் தவிலை இறக்கி வைத்துவிட்டார். கல்லுப்பட்டிச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேரத்தை மறந்திருப்பார்கள். செல்லத்தாய் அழுதுகொண்டே சிரித்தாள். அழகுராஜா சிரித்துக்கொண்டே அழுதான்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில் அழகுபாண்டி அவன் காதருகே வந்து குந்தினான். அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து புதிதாக ஒரு வேன் வாங்கியிருந்தார்கள். "மச்சான், அன்னைக்கு ஒங்க வண்டி உறுமுன வீடியோவ ஊரே பாத்துருச்சு. அந்தப் பட்டறைக்காரர் நம்பர் மட்டும் குடுங்க. நம்ம வண்டிக்கும் ஏத்திப்புடுவோம்."

அழகுராஜா அவனை ஏற இறங்கப் பார்த்தான். கோபப்படவில்லை. கதறிக்கொண்டிருந்த குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"மாப்ள, இந்தச் சத்தம் கேக்குதா? இம்புட்டுச் சத்தம் போட எம்புட்டுக் காத்து வேணும் தெரியுமா? அந்தக் காத்தத்தான் நான் அன்னைக்குப் புடுங்கிக்கிட்டேன். நீ விசிலடிச்ச, நான் மிதிச்சேன். எவனோ கண்ண மூடிக்கிட்டுச் சான்றிதழ் குடுத்தான். யாருமே பின்னாடி திரும்பிப் பாக்கல. வண்டி வாங்கியிருக்கேல்ல? நல்லா ஓட்டு. ஆனா அதுல என்னத்த மாத்துறதுனாலும் ஸ்டியரிங்ல உக்காந்து யோசிக்காத. எறங்கி வந்து, வண்டிக்குப் பின்னால, பொகைக்கொழாய்க்கு நேரா, ஓம் அண்ணன் புள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னு யோசி. அங்க நிக்க ஒனக்கு மனசு வருதான்னு பாரு. ஒன்னால நிக்க முடியாத எடத்துல இன்னொருத்தர நிக்க வைக்கிறதுக்குப் பேரு பவர் இல்ல மாப்ள, பாவம்."